ஆமெனுக்கு நகர்ந்த வரப்பு

முழு இருதயத்தையும் கிறிஸ்துவுக்கு ஒப்புக்கொடுத்துவிட்டு ரெத்தினம் கன்வென்ஷன் கூட்டத்திலிருந்து ஊர் திரும்பிய நாள் முதல், அவர் ஆமென் சொல்லும்போதெல்லாம் அவருடைய வயல் வரப்பு நாலு விரற்கடை நகர்ந்தது. நகர்ந்தது அவர் வயலுக்குள். திருக்காட்டுப்பள்ளிக்குத் தெற்கே, அந்த வரப்புக்கு மறுபுறம் அமிர்தத்தின் அரை ஏக்கர். புருஷன் போனபின் தனியாகப் பயிர் வைப்பவள். வருஷா வருஷம் தன் பக்கம் செதுக்கிய மண்ணை அவள் பக்கம் அப்பி, வரப்பை நாலு விரற்கடை தள்ளிவைப்பது ரெத்தினத்தின் வழக்கம். பதினான்கு வருஷமாக.

விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. பதினான்கு ஆமென் சொன்னால் கர்த்தருக்கும் தனக்கும் சரியாகிவிடும் என்று மூன்றரை நாளில் சொல்லி முடித்தார். பதினைந்தாவதை ரசஞ்சாதத்துக்கு முன்னால் மறந்துபோய்ச் சொன்னார். வரப்பு அதற்கும் நகர்ந்தது. அவருடைய போர்வெல் கொட்டகை வரப்பிலிருந்து பத்தடி தூரத்தில் இருந்தது.

அன்று முதல் ரெத்தினம் ஆமென் இல்லாமல் ஜெபித்தார். முடிக்காத ஜெபங்கள் எங்கும் போகாமல் வீட்டிலேயே தங்கி, உத்தரத்தடியில் நெல் அவிக்கும் ஆவி போலத் திரண்டு, குறுவை அறுப்புக்குள் தலைமட்டத்துக்கு இறங்கிவிட்டன. அவர் மனைவி தங்கம்மாள் குனிந்தே சமைத்தாள். "ஒண்ணு முழுசா குடுங்க, இல்ல குடுத்தேன்னு சொல்லாதீங்க," என்றாள். "கர்த்தர்கிட்டயே போய் எல்லைக்கல்லு நடுவீங்களா? எனக்கு இடுப்பு வலிக்குது."

அந்த ஞாயிறு பாஸ்டர் செழியன் முடிவு ஜெபத்துக்கு ரெத்தினத்தைக் கூப்பிட்டார். மழையையும் நோயாளிகளையும் வேண்டி முடித்து, ஆமெனுக்கு முன்னால் ரெத்தினம் நின்றுவிட்டார். சபையில் அறுபது பேர் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள். கால் மணி போனது, அரை மணி போனது. யாரோ குறட்டை விட்டார்கள். ரெத்தினத்துக்குக் கொட்டகையின் தகரக் கூரை மட்டுமே தெரிந்தது. பிறகு, "போர்வெல்லும் உம்முடையதுதான், எடுத்துக்கங்க," என்று முணுமுணுத்து, ஆமென் என்றார். அறுபது பேரும் சேர்ந்து சொன்னார்கள். வரப்பு அத்தனை பேரையும் கணக்கில் எடுத்துக்கொண்டது.

சாயங்காலம் அமிர்தம் வந்தாள்.

"அண்ணே, போர் எம் பக்கம் வந்துருச்சு."

"தெரியும்மா. அதுக்கு முன்னாடி உன் நெலம் எம் பக்கம் வந்துச்சு. நாந்தான் தள்ளுனேன்."

"தெரியும்ணே. வருஷத்துக்கு வருஷம் நடவுல நாத்து முடி மிஞ்சுமே, நெலம் குறையிறது தெரியாம இருக்குமா?" என்றாள் அவள். "அது போகட்டும். ஜெபத்தைக் கொஞ்சம் அடக்கிச் செய்யுங்க. உங்க மாடும் வந்துருச்சுன்னா எனக்குப் பால் கறக்க வராது."

ரெத்தினம் தினமும் காலையில் அவள் வாசலில் நின்று, "மோட்டார் போடட்டுமா?" என்று கேட்கிறார். "போடுங்கண்ணே," என்கிறாள். கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் பதிவேட்டில் 'வரப்பு நகரும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். தங்கம்மாள் நிமிர்ந்து சமைக்கிறாள். ரெத்தினம் ஒரு நாளைக்கு நாலு ஆமென் சொல்கிறார், விருந்தாளி வந்தால் ஐந்து. வரப்பு எங்கே நிற்கிறதென்று அவர் போய்ப் பார்ப்பதில்லை.