சோப்புத் தொழிற்சாலையிலிருந்து ஏரிப்பக்கம் இரண்டு தெரு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது என் கற்பனையில் உதித்த கதையல்ல. முடிதிருத்தும் கடையில் பக்கத்து நாற்காலிக்காரர் எலியோதோரோ சொன்னது. நிகராகுவா தலைநகர் மனாகுவாவில், எங்கள் ஊரில், நாற்பது வருடம் டாக்சி ஓட்டியவர். வயது எழுபத்து நான்கு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “பொன்னிறக் காலையில் ஏரியின் மீது—”

வேண்டாம். அன்று அவர் ஏரியைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் தொலைந்திருக்க மாட்டார்; எங்களுக்கு வடக்கு என்றாலே ஏரிதான்.

2

சொய்லா என்ற அம்மாள் எலியோதோரோவை ஞாயிறு காலை நகத்தமால் சாப்பிட அழைத்திருந்தார்; சோளமாவுக்குள் இறைச்சி வைத்து வாழையிலையில் கட்டி அவிப்பது அது. இருவரும் துணையை இழந்தவர்கள். அழைப்பு நகத்தமாலுக்கு மட்டுமல்ல என்பது இருவருக்கும் தெரியும்.

விலாசம்: “சோப்புத் தொழிற்சாலை இருந்த எடத்துலேர்ந்து ஏரிப்பக்கம் ரெண்டு தெரு, பச்சை கேட்.”

தொழிற்சாலை நிலநடுக்கத்தில் விழுந்து ஐம்பது வருடமாகிறது. (எங்கள் ஊர் விலாசங்கள் அப்படித்தான். தபால்காரரே குறை சொல்வதில்லை.) இல்லாத தொழிற்சாலை எலியோதோரோவுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. போன வருடம் கட்டிய ரவுண்டானாதான் மண்டையில் ஏறவில்லை. ஐந்து முறை சுற்றினார். ஆறாவது சுற்றில் போக்குவரத்துக் காவலர் வணக்கம் வைத்தார்.

கடைசியில் ஒரு பச்சை கேட். தட்டினார்.

“வாங்க பெரியப்பா! மசாயாலேர்ந்து வர இவ்ளோ நேரமா?”

உள்ளே ஞானஸ்நான விருந்து. இருபது வருடமாகப் பார்க்காத ஒரு பெரியப்பாவை எதிர்பார்த்திருக்கிறார்கள். மறுக்க வாயெடுத்தார், வாயில் நகத்தமாலைத் திணித்துவிட்டார்கள்.

4

[3 எங்கே? இங்கேதான் வைத்தேன்.]

அடுத்த ஞாயிறு கவனமாகக் கிளம்பினார். கார் அதே தவறான கேட்டில் போய் நின்றது.

[வயதானால் மனசிலுள்ள ஊர்ப்படம் மங்கி, பழகிய தடம் மட்டும் மிஞ்சும் என்று எங்கோ படித்தேன். குளிக்கக் கிளம்பி பீரோ முன்னால் நிற்கிற நான் இதை நம்புகிறேன்.]

சொய்லா போன் செய்தார்.

“எங்க இருக்கீங்க?”

“உங்க வீட்டு வாசல்... மாதிரி ஒரு எடத்துல.”

“போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. வர இஷ்டமில்லன்னா நேரா சொல்லிடுங்க.”

இங்கே அவருக்கு ஒரு ஜோக் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவர் சொன்னது இதுதான்:

“சொய்லா, ஊரையே வீடு சேத்தவன் நான். இப்ப உங்க வீடு எங்கன்னு தெரியல. வெக்கமா இருக்கு.”



“பெரியப்பா, காபி ஆறுது!” என்று உள்ளிருந்து குரல்.

“யாரு அது?”

“தெரியலயே! ஆனா நல்ல மனுசங்க.”

சொய்லா சிரித்துவிட்டார். “நகராம நில்லுங்க. பாத்திரத்தோட நானே வரேன். விசாரிச்சுக்கிட்டே வந்துடுவேன்.”

5

கல்யாணத்தில் முடிக்கலாம். அல்லது சொய்லா மூன்றாவது பச்சை கேட்டில் யாருக்கோ பெரியம்மாவாகிவிட்டார் என்று முடிக்கலாம். “அப்புறம்?” என்று எலியோதோரோவையே கேட்டேன்.

“அப்புறம் என்ன! ரவுண்டானாவுல எவனோ ஒரு கெழவன்கிட்ட வழி கேட்டிருக்கா. அவன் நேரெதிர்ப் பக்கம் கைகாட்டி விட்டுட்டான். அவன் மட்டும் கையில கெடச்சான்னா...”

அந்த ஞாயிறு, பாத்திரத்தோடு ஒரு அம்மாள் என்னிடம் வழி கேட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

முடியைப் பாதி வெட்டியும் பாதி வெட்டாமலும் எழுந்து வந்துவிட்டேன். ஆகவே முடிவு என்னிடம் இல்லை. நீங்களே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். கடைக்கு வழி சொல்வேன். ஆனால் நான் சொல்லும் வழியிலா போகப்போகிறீர்கள்?