கழுத்துக்கு ஒரு தேன்கூடு

தைராய்டு ஆபரேஷன் முடிந்து இவ்வளவு நாளாகியும் சுடர்விழியின் கழுத்தில் தழும்பு சிவப்பாகத்தான் இருந்தது. துப்பட்டா பட்டால் எரிந்தது. மறைக்காமல் வெளியே போகவோ மனம் வரவில்லை. நாளை அவள் பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப வேண்டும்.

"உறுத்தாம மூடுறதுக்கு ஏதாச்சும் இருந்தாப் போறேன். இல்லன்னா இன்னும் லீவு கேக்குறேன்," என்று கணவனிடம் சொல்லியிருந்தாள்.

சார்லஸ் திருவரங்குளத்தில் வீட்டு முன்னறையிலேயே தறி போட்டு, கை துடைக்கும் துண்டுகள் நெய்து கடைகளுக்குக் கொடுப்பவன். இப்போது அவள் கழுத்தில் சுற்றிக்கொள்ள ஒரு துண்டு நெய்துகொண்டிருந்தான். மனைவிக்கென்று நெய்வது இதுதான் முதல் தடவை.

சாதாரணத் துணியில் நூல் ஒன்று மேலே, ஒன்று கீழே போகும். அதற்கு, நூலை ஏற்றி இறக்கும் சட்டம் இரண்டு போதும். சார்லஸின் தறியில் எட்டு. முதல் சட்டத்திலிருந்து எட்டாவது வரை நூல்களை வரிசையாகக் கோத்து, அதே வழியில் திரும்பி வந்திருந்தான். மிதிகட்டையை மிதிக்க மிதிக்க, சில நூல்கள் குறுக்கே போகும் ஊடையோடு இறுகப் பின்னிக்கொண்டன. சில, மேலே தளர்வாக மிதந்தன.

"சார், ஒரு சந்தேகம்," என்று சுடர்விழி மாணவி மாதிரி கையைத் தூக்கினாள். குரல் இன்னும் கம்மியிருந்தது. "தொட்டா சாக்கு மாதிரி இருக்கே?"

"இப்ப இழுத்துக் கட்டியிருக்குல்ல. அறுத்து நனைச்சதும் பாரு. மெதக்குற நூலெல்லாம் சுருங்கி மேடாகும். நடுவுல இறுகினது குழியாயிரும். தேன்கூடு மாதிரி."

"பார்ப்போம்."

மதியம் துண்டைத் தறியிலிருந்து அறுத்து வாளியில் நனைத்தான். வெயிலில் காயும்போதே கட்டம் கட்டமாகக் குழி விழுந்தது. ஆனால் துணி குட்டையாகிவிட்டது. சுருங்குமென்று ஒரு சாண் கூட்டித்தான் நெய்திருந்தான். அது ஒரு முழம் சுருங்கியிருந்தது. இரண்டு சுற்றுக்கு எட்டவில்லை. ஒரு சுற்றுச் சுற்றினால் தழும்பின் ஒரு முனை வெளியே தெரிந்தது.

சுடர்விழி அதைச் சுற்றிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள்.

சார்லஸ் அயர்ன் பாக்ஸைச் செருகினான். "ஈரமாக்கி, இழுத்துப் பிடிச்சுத் தேய்ச்சா நீளம் வந்துரும்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான், "ஆனா குழியெல்லாம் படுத்துரும். பழையபடி சாக்குதான். நீயே சொல்லு."

அவள் கழுத்தை இங்கிட்டும் அங்கிட்டும் திருப்பிப் பார்த்தாள். துணியும் கூடவே நெளிந்து கொடுத்தது. பிறகு இன்னொரு தடவை, வேண்டுமென்றே வேகமாகத் திருப்பினாள்.

"எரியலைங்க."

"முனை தெரியுதே, சுடர்."

"தெரியுது." கண்ணாடியில் அந்த முனையை விரலால் தொட்டாள். பிறகு நடந்துபோய் பிளக்கைப் பிடுங்கினாள்.

"பிள்ளைங்க கேக்குமே?"

"கேக்கட்டும். ஆபரேஷன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு, துண்டைக் காட்டி ஒங்க தறிப் பாடத்தை நடத்திர்றேன். அதைக் கேட்டா எந்தப் பிள்ளைக்கும் வேற நெனப்பு வராது, தூக்கம்தான் வரும்."

சார்லஸ் சிரித்தான்.

"சிரிக்காம மொதல்லேருந்து சொல்லுங்க. நூல் எந்தச் சட்டத்துல ஆரம்பிக்குது?"

தறியில் இன்னும் நெய்யாத பாவு நூல் மிச்சமிருந்தது. பலகையில் தள்ளி உட்கார்ந்து, அவளுக்கு இடம் விட்டான்.