கண்டக்டரின் பல்செட்

"இதுல என்னம்மா இருக்கு?" என்று ஆஸ்பத்திரிக் காவலாளி எவர்சில்வர் டப்பாவைக் காதருகே வைத்துக் குலுக்கினான். உள்ளே கடகடவென்றது.

"குலுக்காத தம்பி. அவரோட பல்லு."

அவன் சட்டென்று டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு, உள்ளங்கையில் கிருமிநாசினியைக் கொட்டித் தேய்த்தான்.

"வீட்டுலேருந்து வர்ற எந்தச் சாமானும் ஒரு நாள் ஷெட்டுல கிடந்துட்டுத்தான் வார்டுக்குப் போகும். மேலிடத்து உத்தரவு."

"எதுக்கு?"

"கிருமி சாகணும்ல."

"ஏன் தம்பி, கிருமி இருக்குன்னுதானே அவரையே உள்ள வெச்சிருக்கீங்க? அவர் வாயிலேருந்து வந்த பல்லு, அவர் வாய்க்குத்தானே திரும்பப் போகுது?"

நியாயமான கேள்விதான். வரிசையில் நின்றவர்கள்கூட முகக்கவசத்துக்குள் சிரித்தார்கள். ஆனால் உத்தரவு போட்டவர்கள் எந்த மாடியில் இருக்கிறார்கள் என்று காவலாளிக்கே தெரியாது. டப்பா ஷெட்டுக்குள் யாரோ ஒருவரின் போர்வைக்கும் இன்னொருவரின் ஆப்பிள் பைக்கும் நடுவில் போய் உட்கார்ந்தது.

டப்பாவைக் கொண்டுவந்த கண்டக்டர் சம்சாரத்தின் காது தெருவே அறிந்த காது. எதிர்வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு போடும் சண்டையை வசனம் மாறாமல் ஒப்பிப்பாள். அப்பேர்ப்பட்டவளுக்கு அன்று காலை சொந்தப் புருஷன் பேசியது ஒரு எழுத்துகூட விளங்கவில்லை.

தலைமுதல் கால்வரை பிளாஸ்டிக் உடுப்பு மாட்டிய நர்ஸ் ஒருத்தி, கட்டில் கட்டிலாக வீடியோ போனைப் பிடித்துக்கொண்டு போனாள். பார்க்கப் போக முடியாத குடும்பங்களுக்காக ஆஸ்பத்திரி செய்த ஏற்பாடு. ஆளுக்குக் கொஞ்ச நேரம்தான். படிக்கட்டில் தொங்கியவனையெல்லாம் பஸ்ஸுக்குள் ஏற்றிய கண்டக்டர் குரல் கொழகொழவென்று வந்தது.

"என்னங்க, வாய்க்குள்ள எதை வெச்சுகிட்டுப் பேசுறீங்க? தெளிவாத்தான் சொல்லுங்களேன்!"

அவர் மறுபடி சொன்னார். இன்னொரு தரமும் சொன்னார். பிறகு வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

"தண்ணி கேக்குறாரு போல. கொஞ்சம் குடுங்கம்மா" என்றாள் நர்ஸிடம். அவர் இல்லையென்று தலையாட்டுவதற்குள் போன் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டது.

முகம் கழுவப் போனபோதுதான் குழாயடியில் மூடி போட்ட கண்ணாடி டம்ளரையும் உள்ளே பல்செட்டையும் பார்த்தாள்.

முந்தின நாள் ஆம்புலன்ஸ் வந்து நின்றபோதும் அவர் வாசலில் அப்படித்தான் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் திரும்பப் பார்த்தார். அவளோ தெருவில் எந்தெந்த ஜன்னல் திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரார் வாசலையெல்லாம் எட்டிப் பார்த்தவள், அன்றைக்குத் தன் வாசலில் நிற்க முடியாமல் தவித்தாள்.

"இருமல்னா வண்டில ஏறி இருமிக்கோங்க. மானம் போகுது, ஏறுங்க" என்று முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

டப்பாவைக் கொடுத்த மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. எடுத்த வேகத்தில், "பல்லு வந்து சேர்ந்துச்சா?" என்றாள்.

அந்தப் பக்கம் நர்ஸ். விஷயத்தைச் சொன்னாள். விடியற்காலையில் போய்விட்டாராம்.

"ஏதாவது சொன்னாரா?"

"சொன்னாரும்மா. எங்களுக்குத்தான் புரியல."

இறுதிக் காரியத்தையும் ஆஸ்பத்திரி ஆட்களே முடித்தார்கள். கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, நீளமான ஒரு பையைப் பார்த்தாள். அவ்வளவுதான். திரும்பும் வழியில் ஆஸ்பத்திரி கேட்டில் நின்றாள். காவலாளி ஷெட்டுக்குள் போய் டப்பாவை எடுத்து வந்தான். இந்த முறை குலுக்கவில்லை, இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

"இன்னிக்கு மத்தியானம் வார்டுக்குப் போயிருக்க வேண்டியதும்மா" என்றான்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"அக்கா... அண்ணன் கடைசியா என்ன சொன்னாரு?"

பக்கத்து ஜன்னல்களும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தன.

"வேளைக்குச் சாப்பிடுன்னாரு. நல்லா தெளிவாத்தான் பேசினாரு."

எதிர்வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உள்ளே போய் டம்ளரை அலசிப் புதுத் தண்ணீர் பிடித்தாள். பல்செட்டை மெல்ல அதற்குள் விட்டு, அவர் கைக்கு எட்டும் இடத்திலேயே வைத்தாள். மூடப் போனவள், மூடியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

எதிர்வீட்டில் யாரோ தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வார்த்தையும் துல்லியமாகக் கேட்டது.