கதவு எண் 412

தம்பி நீட்டிய தாளில் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. வீட்டை மூன்று வாரம் படப்பிடிப்புக்கு விடுவதாக ஒன்று. உள்ளே எதை நகர்த்தினாலும் ஆட்சேபம் இல்லை என்று ஒன்று. மூன்றாவது, தொடர் இந்தத் தெருவில் எடுக்கப்பட்டதை யாரிடமும் எப்போதும் சொல்வதில்லை என்று.

"இது எதுக்குடா?" என்றாள் அக்கா.

"கதை அந்த மாநகரத்துல நடக்குதுக்கா. அங்கயே போய் எடுத்ததாதான் விளம்பரம் பண்ணுவாங்க. இங்க எடுத்ததுன்னு தெரிஞ்சா எவன் பார்ப்பான்?"

தெருவில் ஒருவர்கூட அந்த மாநகரத்துக்குப் போனதில்லை. ஆனால் அதன் பாலத்தையும் மஞ்சள் டாக்சிகளையும் சாலை நடுவே கிளம்பும் நீராவியையும் பார்க்காதவர் யாருமில்லை. வாரத்துக்கு ஒரு படமாவது தொடராவது அங்கேதான் நடக்கும். போகாமலேயே எல்லோருக்கும் வழி தெரிந்த ஊர்.

தம்பிக்குப் படப்பிடிப்புக்கு இடம் பிடித்துக் கொடுக்கிற வேலை. "எட்டு வருஷமா சோப்பு விளம்பரத்துக்கு பாத்ரூம் தேடிட்டிருந்தேன்க்கா. இப்பதான் ஒரு முழுத் தெருவே கேட்டிருக்காங்க" என்றான். தொழிலில் அவனுக்கு நல்ல பெயர். யாரும் ஒரு நாற்காலியைத் தொடுவதற்கு முன்பே அறையை நான்கு மூலையிலிருந்தும் போனில் படம் எடுத்துக்கொள்வான். வேலை முடிந்ததும் படத்தைப் பார்த்து எல்லாவற்றையும் இருந்தபடியே வைப்பான். ஒரு வீட்டில் ஜன்னல் விளிம்பில் கிடந்த செத்த பல்லியைக்கூட அதே இடத்தில் வைத்துவிட்டு வந்தான் என்று ஒரு கதை உண்டு. எடுத்த படம் எதையும் அழிக்க மாட்டான்.

அக்கா கையெழுத்துப் போட்டாள். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் அவள் கணவர் பேனாவை வாங்கும்போது சொன்னார்: "வீட்டுக்காரன் நம்மள வெளிய தள்ள ரெண்டு வருஷமா கேஸ் நடத்துறான். உன் தம்பி ஒரே கையெழுத்துல தள்ளிட்டான் பாரு."

"மூணு வாரம்தானே மாமா. என் ரூம்ல இருங்க."

வழக்கு வாடகை நீதிமன்றத்தில் இருந்தது. சொந்த உபயோகத்துக்கு வீடு வேண்டும் என்பது வீட்டுக்காரரின் வாதம். பத்தொன்பது வருடமாக அங்கே குடியிருக்கும் அக்காவுக்கு அந்த வீட்டிலிருந்து அவள் வேலை பார்க்கும் பல் மருத்துவமனைக்கு ஐந்து நிமிட நடை. காலை ஏழு மணிக்குள் போய்க் கருவிகளைக் கொதிநீராவிப் பெட்டியில் ஏற்றியாக வேண்டும். இந்த வாடகைக்கு வேறு வீடு ஊரின் விளிம்பில்தான் கிடைக்கும்; இரண்டு பஸ் மாற வேண்டும். வக்கீல் வைக்காமல் தானே போய் நின்று பதில் கொடுத்திருந்தாள். அடுத்த தேதி பதிவுத் தபாலில் வரும் என்றிருந்தார்கள்.

அறுபது பேர் வந்து இறங்கினார்கள். இரும்பு ஏணி போல வண்ணமடித்த பலகை ஏணிகள் சுவர்களில் ஏறின. சாக்கடை மூடிக்கு அடியில் ஒரு இயந்திரம் ஆவி கக்கியது. நடைபாதையில் கறுப்புக் குப்பைப் பைகள் அழகாகக் குவிக்கப்பட்டன.

"குப்பையக்கூட வெளியிலேர்ந்து கொண்டு வர்றாங்க" என்றார் கீழ்வீட்டுத் தையல்காரம்மா. "நம்ம குப்பைக்கு நடிக்கத் தெரியாதாம்."

தெருவாசிகளின் போன் கேமராக்கள் மேல் ஆளுக்கொரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். வாசல்களில் இருந்த எண்கள் கழற்றப்பட்டுப் பித்தளைப் பலகைகள் வந்தன. முப்பத்தாறு 404 ஆனது. அக்காவின் முப்பத்தெட்டு 412.

சீருடை எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்த அக்கா அதைப் பார்த்தாள். அன்று படப்பிடிப்பு இல்லை.

"இன்னைக்கு ஒரு நாளாவது பழைய நம்பரை மாட்டி வைக்கலாம்ல? தபால்காரர் குழம்பிடப் போறார்."

"தொடவே கூடாதுக்கா. கன்டினியூட்டி பார்க்கிற பொண்ணு கத்தும். நேத்து எடுத்ததுக்கும் நாளைக்கு எடுக்கிறதுக்கும் ஒரு துரும்பு மாறியிருந்தாலும் என் தலைதான் உருளும். உன்னைத் தெரியாத தபால்காரரா?"

தெரிந்த தபால்காரர் கால் எலும்பு முறிந்து விடுப்பில் இருந்தது இருவருக்கும் தெரியாது.

படப்பிடிப்பு முடிந்து, எண் பலகைகள் பழையபடி ஏறி, இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. எதிர்மனுதாரர் விசாரணைக்கு வராததால் வீட்டைக் காலி செய்ய உத்தரவு. அக்கா நீதிமன்றத்துக்கு ஓடினாள். குமாஸ்தா திரும்பி வந்த உறையைக் காட்டினார். மேலே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'இத்தெருவில் இந்தக் கதவு எண் இல்லை.'

"அந்தத் தற்காலிகத் தபால்காரனைத் தப்பு சொல்ல முடியாது" என்றார் கணவர். "வந்து தேடியிருக்கான். இல்லை. இல்லைன்னு எழுதியிருக்கான். நம்மள்ல ஒழுங்கா வேலை பார்த்தவன் அவன் ஒருத்தன்தான்."

இப்போது ஒரு வக்கீலைப் பிடித்தாள். அவர் சிக்கனமாகப் பேசுபவர். "நம்பர் மாத்தியிருந்ததுக்குத் தேதியோட ஒரு போட்டோ இருக்கா? ஒண்ணு போதும். கேஸ் மறுபடி திறக்கும்."

அக்கா அன்றே தம்பியைக் கூப்பிட்டாள்.

"போட்டோவா..." என்றான். "எல்லாத்தையும் கம்பெனி அழிச்சிருச்சுக்கா. கடைசி நாள் போனை வாங்கி, என் கண் முன்னாடியே."

"நீ எதையும் அழிக்க மாட்டியேடா."

"நான் அழிக்கல. அவங்க அழிச்சாங்க."

"சரி, நீ வந்து வாயால சொல்லு. இங்கதான் எடுத்தோம், நம்பரை மாத்தினோம்னு."

"எப்படிக்கா? கையெழுத்துப் போட்டிருக்கோம். நீயுந்தான் போட்டிருக்கே." பிறகு, குரலை இறக்கி, "ரெண்டாவது சீசனுக்கு என்னையே கூப்பிட்டிருக்காங்க. இந்தத் தடவை நிரந்தரமா" என்றான்.

தையல்காரம்மா கதவைப் பாதிதான் திறந்தார். "எனக்கும் அவருதானே வீட்டுக்காரர். என்னைச் சாட்சிக்குக் கூப்பிடாதம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

வழக்கை மறுபடி திறக்கக் கேட்ட மனு விசாரணைக்கு வருவதற்குள் தொடர் ஒளிபரப்பாகி ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்தது. ஒற்றைப் பெட்டியோடு மாநகரத்துக்கு வரும் ஒரு பெண், அவளுக்குக் கிடைக்கும் ஒரு சின்ன வாடகை வீடு. முதல் எபிசோடில் அக்காவின் சமையலறை ஜன்னல் பதினோரு வினாடி வருகிறது. வெளியே பாலம், விளக்கு வரிசை, மேகத்தில் முட்டும் கட்டடங்கள். உண்மையில் அங்கே இருப்பது எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் அதன்மேல் காயும் மிதியடியும்.

நீதிமன்றத்தில் வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். படப்பிடிப்பு எதுவும் தன் கட்சிக்காரருக்குத் தெரியாது என்றார் அவருடைய வக்கீல். அக்கா தன் போனில் அந்தப் பதினோரு வினாடியை நிறுத்தி நீட்டினாள்.

"ஐயா, இது என் சமையலறை ஜன்னல்."

நீதிபதி உற்றுப் பார்த்தார். "பாலம் தெரியுதேம்மா."

"அது கம்ப்யூட்டர்ல போட்டதுங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. "நானும் என் மனைவியும் ஒரு எபிசோடு விடாமப் பார்த்தோம். முழுக்க அங்கயே எடுத்ததுன்னு ஆரம்பத்துலயே எழுத்துப் போடுறாங்களே. படப்பிடிப்புல இருந்தவங்க யாராவது வந்திருக்காங்களா? ஒரு போட்டோ?"

அக்கா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். யாரும் வரவில்லை.

மனு தள்ளுபடியானது. மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் இருந்தது. புதிதாக ஆதாரம் எதுவும் இல்லாமல் போய்ப் பயனில்லை என்றார் வக்கீல். முப்பதாவது நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அதுவும் போனது.

அடுத்த புதன்கிழமை தம்பி ஒரு சின்ன லாரியோடு வந்தான். லாரி வாடகையைத் தானே கொடுப்பதாகச் சொன்னான். பாத்திரப் பெட்டிகளையும் மெத்தையையும் ஒருவரிடமும் கொடுக்காமல் தானே சுமந்து இறக்கினான். கணவர் அவனோடு பேசவில்லை; லாரிக்காரரிடம், "இவரு சினிமாக்காரர், பார்த்து ஏத்துங்க" என்று மட்டும் சொன்னார்.

மதியத்துக்குள் வீடு காலியானது. தம்பி ஒரு மூலையில் போய் நின்று போனை எடுத்தான். பிறகு அடுத்த மூலை.

"என்னடா பண்றே?"

"படம் எடுத்து வைக்கிறேன்க்கா. நாளைக்கு அது உடைஞ்சிருக்கு, இது பேந்திருக்குன்னு வீட்டுக்காரர் ஏதாவது சொன்னா காட்டலாம்."

அக்கா கையில் குறடு வைத்திருந்தாள். தங்கள் ஆணிகளை மட்டும் பிடுங்கிக்கொண்டிருந்தாள். சமையலறை ஜன்னலுக்கு மேலே ஒரு பெரிய ஆணி இருந்தது. "இது நாம அடிச்சதா, உன் ஆளுங்க அடிச்சதா?"

"இரு, பார்த்துச் சொல்றேன்." கட்டைவிரல் போனில் வேகமாக ஓடியது. அந்த நேரத்தில் அவனுக்கு வேலை மட்டும்தான் நினைவில் இருந்தது. "நம்மளுதுதான்க்கா. ஷூட்டிங்குக்கு முன்னாடியே இருக்கு பாரு." போனை அவள் கையில் கொடுத்தான்.

படத்தில் ஜன்னல், தண்ணீர்த் தொட்டி, மிதியடி, மேலே ஆணி. அக்கா விரலால் தள்ளினாள். அடுத்த படத்தில் மாடிப்படி. அடுத்ததில் ஒரு பலகை ஏணி. அதற்கடுத்ததில் அவளுடைய வாசல். பளபளவென்று துடைத்த பித்தளையில் 412. மேலே நாள், மாதம், வருடம், காலை பத்து இருபது.

தம்பியின் கை போனை வாங்க நீண்டது, பாதியில் நின்றது. "அக்கா..."

"நல்லாத் தெளிவா விழுந்திருக்கு" என்றாள் அக்கா. "தேதிகூடத் தெரியுது."

"அக்கா, நான் வந்து..."

கீழிருந்து கணவரின் குரல் கேட்டது. "பீரோவை யாரு பிடிக்கிறது? இல்ல அதுக்கும் கம்ப்யூட்டர்ல ஆளு போடுவாங்களா?"

அக்கா போனைத் திருப்பிக் கொடுத்தாள். "போ. கூப்பிடுறார்ல."

அவன் படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை நின்றாள். பிறகு ஜன்னல் மேடையில் ஏறி, ஆணியைக் குறட்டால் கவ்வி இழுத்தாள். அது சுலபத்தில் வரவில்லை. வந்தபோது உள்ளங்கை அகலத்துக்குச் சுவர்ப் பூச்சையும் சேர்த்துக்கொண்டு வந்தது.