நம்ம ஆளுங்க தெரு

கட்டில் கால்களுக்கு மூன்றாவது வரிசைச் செங்கல்லை வைத்து உயர்த்தும்போது பிளம்பருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஒரு மழை பெய்தால் போதும், சாக்கடை வாசலைத் தாண்டி அடுப்படிவரை வந்து நிற்கும். எத்தனையோ வீட்டு அடைப்பை எடுத்தவர்தான். தெருவுக்கே வடிகால் இல்லாதபோது அவர் கையிலிருக்கும் கம்பி என்ன செய்யும்? மனைவியின் காலில் வந்த புண் இரண்டு மாதமாக ஆறவில்லை.

ஐந்தாவது மனுவோடு கட்சி ஆபீசுக்குப் போனார். முப்பத்திரண்டு வருடமாக அவர் கொடி கட்டிய கட்சி. அவர் தெருவில் ஒரு ஓட்டுகூடச் சிதறியதில்லை. செயலாளர் தோளில் கைபோட்டு உட்காரவைத்து டீ வரவழைத்தார்.

"அண்ணே, வந்த வடிகால் வேலையப் பின் தெருவுக்குக் குடுத்துட்டோம். அங்கதான் இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு ஊசலாடிட்டு இருக்காங்க. நீங்க நம்ம ஆளு. கோவிச்சுக்கிட்டு எங்க போயிடப்போறீங்க?"

இளக்காரமாகச் சொல்லவில்லை, பாசத்தோடுதான் சொன்னார். அதனாலேயே பிளம்பரால் சண்டை போட முடியவில்லை. டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தார்.

மனைவி புண்ணுக்குத் துணி சுற்றிக்கொண்டே, "இந்தத் தடவை ஓட்ட மாத்திக் குத்துங்க. அப்பவாவது இப்படி ஒரு தெரு இருக்குன்னு தெரியட்டும்" என்றாள்.

அவரும் வீம்பாகத் தலையாட்டினார். எதிர்க்கட்சிக்காரர்கள் ஓட்டுக் கேட்டு வந்த அன்று சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். வந்தவர்களில் ஒருவன் தெருமுனையில் நின்று சொன்னது தெளிவாகக் கேட்டது: "அங்க எதுக்குடா செருப்ப நனைச்சுக்கிட்டு? மொத்தமும் அவங்க ஆளுங்க."

ஓட்டுப் போடும் மறைப்புக்குள் வெகுநேரம் நின்றார். மாற்றிக் குத்தினால் யாருக்குத் தெரியப்போகிறது? குத்தாவிட்டால்தான் யாருக்கு என்ன? தன்னோடு சேர்ந்து கட்சிக் கொடிக்கம்பம் நட்டு, பின்னாளில் செத்துப்போன கூடப்பிறந்த அண்ணனின் முகம் வந்தது. விரல் வழக்கமான இடத்துக்குப் போனது.

"மாத்துனீங்களா?" வீடு திரும்பியதும் மனைவி கேட்டாள்.

அவர் விளக்குமாற்றை எடுத்துத் தண்ணீரை வெளியே தள்ளத் தொடங்கினார்.

கட்சி ஜெயித்தது. தூறலில் ஊர்வலம் வந்தது. ஜெயித்தவரை ஏற்றிக்கொண்டு தெருமுனைவரை வந்த திறந்த ஜீப், தேங்கிக் கிடந்த தண்ணீரைப் பார்த்துத் தயங்கி, பின் தெருப் பக்கம் ஒடித்துத் திரும்பியது. மேளச் சத்தம் சுவர்களுக்கு அப்பால் போய்த் தேய்ந்தது. பிளம்பர் கணுக்காலளவுச் சாக்கடையில் நின்றிருந்தார். கும்பிடத் தூக்கிய கைகள் இன்னும் கீழே இறங்கவில்லை.