வண்டியில் பழுதில்லை

யாராவது தன் வண்டி பழுதாகியிருக்க வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொள்வார்களா? விஜயம் வேண்டிக்கொண்டாள். அதுவும் சின்னப் பழுது போதாதாம், நாலு பேரிடம் சொல்லும்படியான பெரிய பழுதாக இருக்க வேண்டுமாம். சுவாமிமலை முருகனே இதைக் கேட்டுத் திகைத்துப் போயிருப்பான்.

காரணம் இருந்தது. அவள் கணவர் கல்யாணம், கும்பகோணத்தில் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். ஆறு மாதமாக அவர் செய்கிற குளறுபடிகளையெல்லாம் அவள் அந்தக் காரின் தலையில்தான் கட்டிவந்தாள். திருவையாற்றில் ஒரு சீமந்தத்துக்குக் கிளம்பியவர், காலங்காலமாகப் போய்வந்த வழி தெரியாமல் கல்லணையில் கொண்டுபோய் நிறுத்தினாரே, அன்றைக்குச் சொந்தக்காரர்களிடம் "டயர் பஞ்சர்" என்றாள். காய்கறி வாங்கப் போனவர் மத்தியானம் வெறும் பையோடு திரும்பியபோது, "பேட்டரி போயிடுத்து" என்றாள். சென்னையிலிருந்து மகள் ரோஹிணி ஞாயிறு தவறாமல் போனில் கேட்பாள், "அப்பா எப்படிம்மா இருக்கார்?" என்று. "அவருக்கென்ன, ஜோரா இருக்கார்" என்று பூசி மெழுகிவிடுவாள். பாவம் அந்த வண்டி, வாயிருந்தால் அழுதிருக்கும்.

இப்போது இரண்டு வாரமாக வண்டியில் எண்ணெய் தீயும் வாடை. "உன் மூக்குலதான் கோளாறு" என்றார் கல்யாணம். ஆனால் இந்தச் சனிக்கிழமை தஞ்சாவூரில் கண் டாக்டரைப் பார்க்கக் கிளம்பினார்களா, பாபநாசம் தாண்டியதும் பானெட் இடுக்கிலிருந்து புகையே வந்துவிட்டது. தட்டுத்தடுமாறி அய்யம்பேட்டையில் ஜாஃபர் சாதிக்கின் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து சேர்ந்தார்கள். ஜாஃபர் அவரிடம் பத்தாம் வகுப்பு படித்தவன். தலை பாதி நரைத்தும், சாரைப் பார்த்ததும் மடித்துக் கட்டியிருந்த கைலியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு ஓடிவந்தான்.

"வாங்க சார், வாங்கம்மா. அறுப்பு நேரம் பாருங்க, ரோடு பூரா வைக்கோலைக் காயப்போட்டிருக்காங்க. அடியில சுத்திக்கிட்டு சைலன்சர் சூட்டுல தீயும். அதாத்தான் இருக்கும்."

விஜயத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வைக்கோலாகவே இருக்கட்டுமே!

ஜாஃபர் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் தேடினான். ஒரு துரும்பு இல்லை. "அப்ப கேஸ்கெட் போயிருக்கும்மா. எஞ்சின் ஆயில் கசிஞ்சு சூடான குழாய்மேல சொட்டுனா இந்த வாடைதான் வரும்."

கேஸ்கெட்! பெயரே கேட்க நன்றாக இருந்தது. ரோஹிணியிடம் சொல்ல எவ்வளவு வசதி.

கல்யாணம் வெளியே நிழலில் நாற்காலி போட்டுப் பேப்பரில் மூழ்கிவிட்டார். ஜாஃபர் எஞ்சினைத் துணியால் துடைத்தான். விரலில் தேய்த்துப் பார்த்தான். முகர்ந்தான். மறுபடியும் முகர்ந்தான். அப்புறம் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி அவளைக் கூப்பிட்டான்.

துணியில் கறுப்பே இல்லை. மஞ்சளாகப் பிசுபிசுத்தது. முகர்ந்து பார்க்க வேண்டிய அவசியமே அவளுக்கு இருக்கவில்லை. தினம் கையாளுகிற எண்ணெய் தெரியாதா என்ன?

"நல்லெண்ணெய்ங்கம்மா. ஆயில் மூடியைச் சுத்தி வழிஞ்சு கிடக்கு. உள்ளயும் ஊத்தியிருக்கு, இருக்க வேண்டிய அளவுக்கு ரெண்டு விரக்கடை மேல நிக்குது. ஒரே நாள்ல ஊத்தின மாதிரியும் தெரியல." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எல்லாத்தையும் வடிச்சு, கழுவி, புது ஆயில் ஊத்திடறேன். வாடை போயிடும். கேஸ்கெட் நல்லாத்தான் இருக்கு. வண்டியில ஒரு பழுதும் இல்லம்மா."

ஒரு பழுதும் இல்லையாம்! சனிக்கிழமை காலையில் வண்டிக்கு ஆயில் பார்த்துவிட்டு, அப்புறம் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பது கல்யாணத்தின் நெடுநாள் பழக்கம். இரண்டு எண்ணெயும் எப்போது அவருக்கு ஒன்றாகிப் போனது? கூடவே இருந்தாளே, பாவி, பார்த்ததையெல்லாம் மூடி மூடி வைத்தாளே.

"என்னடா ஜாஃபர், என்ன கண்டுபிடிச்சே?" கல்யாணம் வந்து நின்றார். துணியை வாங்கி முகர்ந்தார். "நல்லெண்ணெய்னா இது! யாருடா என் வண்டியில இதை ஊத்தினது?"

கோபத்தில் முகம் சிவந்தது. பிறகு மெல்ல அந்தச் சிவப்பு வடிந்து, கண்ணில் ஒரு பயம் எட்டிப் பார்த்தது. தன்னையே சந்தேகிக்கிற பயம். அதை மட்டும் அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"நான்தான்னா ஊத்தினேன்" என்றாள். "ஆயில் கம்மியா இருக்குன்னேளே, நானே ஊத்திடலாம்னு…"

ஜாஃபர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கல்யாணம் அவளையே பார்த்தார். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார். "அடி அசடே! எஞ்சின் என்ன தோசைக்கல்லா? பார்த்தியாடா ஜாஃபர், இவ லட்சணத்தை!"

அவளும் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. சிரித்துச் சிரித்து வந்த தண்ணீர் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"சாவியைக் கொடுத்துட்டுப் போங்க சார், வேலை முடிஞ்சதும் நானே கொண்டாந்து விடறேன்" என்றான் ஜாஃபர்.

"அவசரமே இல்லப்பா. மெதுவாக் கொண்டு வா" என்றாள் விஜயம். ஜாஃபருக்குப் புரிந்துவிட்டது.

பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றபோது கல்யாணத்தின் சிரிப்பு அடங்கியிருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "விஜி, நானும் கொஞ்ச நாளாப் பார்க்கறேன், உனக்கு ஞாபகம் சரியில்லை. பயப்படாதே, நான் இருக்கேன். ஆனா ரோஹிணிகிட்ட இதை மறைக்கப்படாது."

அவள் தடுப்பதற்குள் போன் போட்டுவிட்டார். "அம்மாவுக்குத்தான்மா… உடம்பெல்லாம் நன்னாத்தான் இருக்கு. புத்திதான் தடுமாறறது. எஞ்சின்ல போய் நல்லெண்ணெயை ஊத்தியிருக்கா. நான் ஒண்டியா எப்படிம்மா சமாளிப்பேன்?" போனை அவளிடம் நீட்டினார்.

"என்னம்மா சொல்றார் அப்பா? நிஜமா?" ரோஹிணி பதறினாள்.

வழக்கமான பொய் நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் அவர், எங்கே அவள் மனசு நொந்துபோகுமோ என்று தவிப்போடு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிஜம்தாண்டி கண்ணா. எனக்கு முடியல" என்றாள் விஜயம். "கிளம்பி வா."