அரை இஞ்சு இடம்

மாரீஸ்வரிக்குக் காலையிலிருந்து கால் தரையில் பாவவில்லை. தாராவியில் அவளும் கணவன் பேச்சிராஜாவும் நடத்தும் தோல்பைப் பட்டறையைத் தேடி ஒரு ஏற்றுமதிக்காரர் வலிய வந்திருந்தார். புது மாடல் பை ஒன்று திரையில் நாலு பக்கமும் சுழலும்படி படம் செய்து சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் அனுப்பினால், வருஷம் முழுக்க மாடல் போடும் வேலை அவளுக்குத்தான். பையை வரைந்து முடித்துவிட்டாள். ஆனால் சுழற்றச் சொன்னால் ஏதோ ஆபீஸில் கழித்துப்போட்ட அவளுடைய பழைய கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து நின்றது. கிராபிக்ஸ் கார்டு போட்டே ஆக வேண்டும். இன்று சனிக்கிழமை.

எந்தக் கார்டு சேரும் என்று ஒரு வாரமாக அவள் படித்த படிப்பைப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் முதல் ரேங்க்தான். பவர் சப்ளை சின்னது; தனி ஒயர் கேட்காத கார்டாக இருக்க வேண்டும். கார்டைச் செருக மதர்போர்டில் ஸ்லாட் இருந்தது. மிச்சம் நீளம்தான். பெட்டிக்குள் ஸ்கேல் வைத்துப் பார்த்த பேச்சிராஜா, பைக்கு வெட்டுவதுபோலவே அட்டையில் ஓர் அளவு வெட்டிக் கொடுத்தான்.

லாமிங்டன் ரோட்டுக் கம்ப்யூட்டர் கடையில் ஒவ்வொரு கார்டின் மேலும் அட்டையை வைத்துப் பார்த்தவளைக் கடைக்காரர் வேடிக்கை பார்த்தார். இரண்டு விசிறி வைத்த ஒன்று அட்டைக்கு அச்சாகப் பொருந்தியது. விற்றதைத் திரும்ப வாங்க மாட்டோம் என்று ஹிந்தியில் கறாராகச் சொன்னார். எதற்குத் திரும்பத் தரப்போகிறாள்!

மூன்று மணிக்கு வீட்டில் கார்டை இறக்கினால், போகவில்லை. ஹார்ட் டிஸ்க் வைக்கும் தகரக் கூண்டு அரை இஞ்சு இடித்தது.

பேச்சிராஜா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் முகம் செத்துப்போனது.

"ஏட்டி, கைப்பழக்கத்துல தையலுக்கு அரை இஞ்சு கூட விட்டு வெட்டிட்டேன்."

"கார்டை என்ன தைக்கவா போறோம்?"

கத்தியவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஆத்திரத்தில் கூண்டைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினாள். அப்போதுதான் கண்ணில் பட்டன, கூண்டைப் பெட்டியோடு பிடித்திருந்த நாலு ரிவிட்டுகள்.

"ஏங்க, இது நம்ம பைக்கு அடிக்கிற மாதிரி ரிவிட்டுதான? கோணலா அடிச்சது எத்தனையைப் பிரிச்சிருக்கோம்!"

"அட, ஆமாட்டி! டிரில்லை எடு!"

மதர்போர்டைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள். நாலு ரிவிட்டும் தெறித்தன. கூண்டு கையோடு வந்தது. ஹார்ட் டிஸ்க்கைத் தோல்பட்டை போட்டு மூலையில் கட்டினாள் மாரீஸ்வரி. மதர்போர்டைத் திரும்ப மாட்டியதும் கார்டு சுகமாகப் போய் உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டதும் இரண்டு விசிறியும் சுழன்றன. அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

ஐந்தே முக்காலுக்குத் திரையில் பை தடங்கலில்லாமல் சுழன்றது. பேச்சிராஜா மூக்கு திரையில் முட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்தான்.

"ஏட்டி, ஓரத்துல தையலுக்கு எடம் விட்டிருக்கியா?"

"அரை இஞ்சு," என்று சொல்லிக்கொண்டே மாரீஸ்வரி படத்தை அனுப்பினாள்.